பதினான்கும் நான்கும்

நாவலுக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். அறிவியல் ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அதன் முடிவை ஒரு வரியில் எடுத்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இந்த வழக்கத்தால் என்ன இழப்பு நேர்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே, கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆனால் இக்கட்டுரையில் பாதி கதிர்வீச்சு, மீதி எண்கள். இரண்டும் என் பாடத்துக்குள் வருபவை.

தூண்டுதல் வீட்டுக்கு அருகிலிருந்தே வந்தது. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் தாயாருக்கு, மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் இரத்தம் கண்டது. சோதனையில் உட்சவ்வுப் புற்று என்று தெரிந்து கருப்பையை அகற்றினார்கள். "கதிர் வைத்தால் நோய் திரும்புவது பதினான்கிலிருந்து நான்காகக் குறையும் என்கிறார்கள். வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று நண்பர் என்னிடம் கேட்டார். அருகில் அமர்ந்திருந்த அந்த அம்மாள் வேறொரு கேள்வி கேட்டார்: "சரி தம்பி, வைத்துக்கொள்ளாமல் இருந்து, அது திரும்பி வந்தால் என்ன ஆகும்?" இரண்டாவது கேள்வியே சரியான கேள்வி என்பது கட்டுரையை முழுவதும் படித்த பின்பே எனக்குப் புரிந்தது.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் இந்தப் புற்று தோன்றுகிறது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. உடற்பருமன் இதற்கு ஒரு முக்கியக் காரணம். கொழுப்புத் திசுவில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜன் அச்சவ்வை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். இரத்தப்போக்கு என்னும் எச்சரிக்கை சீக்கிரமே தோன்றிவிடுவதால், பலருக்கு நோய் கருப்பையைத் தாண்டுமுன்பே பிடிபட்டுவிடுகிறது. இதையே முதல் நிலை என்கிறார்கள். கருப்பையையும் கருக்குழாய்களையும் சூலகங்களையும் அகற்றிவிட்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். கேள்வி எழுவது அதற்குப் பிறகுதான். கண்ணுக்குத் தெரியாமல் ஏதேனும் தங்கியிருக்குமோ என்ற அச்சத்தில் எல்லாருக்கும் கதிர் கொடுக்கலாமா, கூடாதா?

இக்கேள்விக்கு விடை தேடியதுதான் நெதர்லாந்தில் நடந்த போர்டெக் ஆய்வு. 1990 முதல் 1997 வரை 715 பெண்கள் இதில் சேர்ந்தனர். அறுவைக்குப் பின் குலுக்கல் முறையில் அவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு இடுப்புக்குழி முழுவதும் வெளியிலிருந்து கதிர். நாளுக்கு 2 கிரே வீதம் 23 தவணைகளில் 46 கிரே. மற்றப் பிரிவுக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை, கண்காணிப்பு மட்டும். முடிவுகளைக் காரீன் க்ரய்ட்ஸ்பெர்க் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டனர்.

ஐந்தாண்டுக் கணக்கில், கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு யோனியிலோ இடுப்புக்குழியிலோ நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே திரும்பியது. நண்பர் சொன்ன எண்கள் இவைதாம். உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவதும் இவைதாம். சிலர் இதையே 'எழுபது விழுக்காடு குறைகிறது' என்று சொல்லி இன்னும் பெரிதாக்குகிறார்கள். கணக்கு தவறில்லை; பதினான்கில் பத்து போனால் எழுபது விழுக்காடுதான். ஆனால் நூறு பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பாருங்கள். 86 பேருக்குக் கதிர் இல்லாவிட்டாலும் அங்கே நோய் திரும்பப் போவதில்லை. 4 பேருக்குக் கதிர் இருந்தாலும் திரும்பும். இடையில் உள்ள 10 பேருக்காக நூறு பேரும் கதிர் ஏற்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. இக்கட்டுரையும் அதற்குப் பின் வந்த கால் நூற்றாண்டு ஆய்வுகளும் அவர்களைத் தேடிய கதை என்றே சொல்லலாம்.

இப்போது அதே கட்டுரையின் அடுத்த வரிக்கு வருவோம். ஐந்தாண்டு முடிவில் கதிர் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 85 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். வாசகர் திடுக்கிடலாம். நோய் திரும்புவது குறைந்தும் ஆயுள் கூடவில்லையா? கூடவில்லை. குறைந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த நான்கு விழுக்காடு அல்லது அதனினும் பெரிய இடைவெளி நூற்றுக்கு 31 முறை தற்செயலாகவே தோன்றும். ஆகவே 'கதிர் ஆயுளைக் குறைக்கிறது' என்று இந்த எண்ணை வைத்துக் கூச்சலிடுவோரும் தவறு செய்கிறார்கள்.

இந்த முரணுக்கு விளக்கம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. அதிகம் எடுத்துச் சொல்லப்படாத இடத்தில் இருக்கிறது. திரும்பி வந்த நோயில் ஏறக்குறைய முக்கால் பங்கு யோனியில் மட்டுமே வந்தது. அங்கே வந்தால் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், அப்போது கதிர் கொடுத்துத் தீர்க்கவும் வாய்ப்பு உண்டு. யோனியில் நோய் திரும்பியவர்களில் இரண்டாண்டுக்குப் பின் 79 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். இடுப்புக்குழியின் உள்ளேயோ தொலைவான உறுப்புகளிலோ திரும்பியவர்களில் 21 விழுக்காட்டினரே எஞ்சினர். மேலும், முன்பு கதிர் பெறாதவர்களுக்கு நோய் திரும்பியபோது அவர்கள் பிழைத்த அளவு, முன்பே கதிர் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. ஏற்கெனவே கதிர் பட்ட திசு அதே அளவை மறுமுறை தாங்காது என்பதை நினைவிற்கொண்டால் இதில் வியப்பில்லை. 'திரும்பி வந்தால் என்ன ஆகும்' என்று அந்த அம்மாள் கேட்டதற்கு விடை இதுதான்: எங்கே திரும்புகிறது என்பதைப் பொறுத்தது.

விலைப்பட்டியலையும் கட்டுரை மறைக்கவில்லை. கதிர் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையால் தொல்லைகள் நேர்ந்தன. பெறாதவர்களில் 6 விழுக்காட்டினருக்கு. பெரும்பாலானவை இலேசானவை என்று ஆசிரியர்கள் எழுதினர். 'இலேசான' என்ற சொல்லின் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. அந்தத் தரத்தை இட்டவர் மருத்துவர். வயிற்றுப்போக்கோடு பேருந்தில் பயணம் செய்ய வேண்டியவர் அல்லர். இதே குழுவினரே 2011-இல், சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்த பின், அப்பெண்களிடமே கேள்வித்தாள் கொடுத்து விடை வாங்கி வெளியிட்டார்கள். கதிர் பெற்றவர்களிடம் சிறுநீரும் மலமும் அடக்க முடியாமை, வயிற்றுப்போக்கு, அவற்றால் அன்றாட வேலைகளில் முடக்கம் ஆகியவை அப்போதும் கூடுதலாகவே இருந்தன. முதல் கட்டுரையில் இருந்த குறையை ஆசிரியர்களே இட்டு நிரப்பினார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவதைக் காட்டுவதில்லை.

இந்தப் பாடம் புதிதும் அன்று. நார்வேயில் ஓஸ்லோ நகரின் ரேடிய மருத்துவமனையில் 1968 முதல் 1974 வரை 540 பெண்களிடம் நடந்த ஆய்வு 1980-இல் வெளியாயிற்று. அங்கே எல்லாருக்கும் யோனிக்குள் கதிர் கொடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் வெளிக்கதிரையும் சேர்த்தார்கள். உள்ளூர்த் திரும்பல் 6.9 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. ஐந்தாண்டுப் பிழைப்போ 91, 89. வெளிக்கதிர் சேர்த்தவர்கள்தாம் 89. அதே பெண்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், அறுபது வயதுக்குக் குறைந்தவர்களிடையே வெளிக்கதிர் பெற்றவர்கள் கூடுதலாக இறந்திருந்தனர். புதிதாக வேறு புற்றுகள் தோன்றியதும் ஏறத்தாழ இருமடங்கு. கதிர்வீச்சின் இந்தக் கடன் வசூலாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 'ஐந்தாண்டுப் பிழைப்பு' என்ற அளவுகோல் நீளத்தில் போதாமல் போவதும் இதனால்தான். இளையவர்களிடம் அதை வைத்து அளப்பது முழ அளவுகோலால் சாலையை அளப்பது போன்றது.

இனி கட்டுரையின் உள்ளே இருக்கும் குறைகள். முதலாவது, அளவீடு. நோயின் போக்கை முன்னறியும் கூறுகளாக ஆசிரியர்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: வயது அறுபதுக்கு மேல், புற்று கருப்பைத் தசையின் பாதிக்கு மேல் ஊடுருவியிருத்தல், உயிரணுக்கள் மூன்றாம் தரமாக, அதாவது இயல்பு வடிவத்தை மிகவும் இழந்தனவாக இருத்தல். இம்மூன்றில் இரண்டு இருந்தால் 'உயர் இடைநிலை அபாயம்'. பயனுள்ள பிரிவுதான், அவ்வாறு இரண்டு கூறுகள் உள்ளவர்களில் பத்தாண்டுகளில் உள்ளூர்த் திரும்பல் கதிர் இல்லாவிட்டால் 23 விழுக்காடு, இருந்தால் 5-க்கும் குறைவு. அறுபதுக்குக் குறைந்தவர்களுக்கும், இரண்டாம் தரத்தில் மேலோட்டமாக ஊடுருவியவர்களுக்கும் கதிர் தேவையில்லை என்று கட்டுரை தெளிவாகச் சொல்லிற்று. அவ்வளவு பெண்களை ஒரு வாக்கியத்தால் கதிரறையிலிருந்து வெளியே அனுப்பிய கட்டுரை என்று இதைப் போற்ற வேண்டும்.

ஆயினும் 59 வயதும் 61 வயதும் இயற்கையில் வெவ்வேறு இனங்கள் அல்ல. தசையில் 48 விழுக்காடும் 52 விழுக்காடும் அப்படித்தான். உயிரணுவின் தரமோ அளவுகோலால் அளப்பதே அன்று. நுண்ணோக்கி வழியே ஒருவர் கண் சொல்லும் தீர்ப்பு. என் மாணவர்கள் திருகு அளவியில் அளந்துவிட்டுப் பிழையைக் குறிக்காமல் வந்தால் மதிப்பெண் குறைப்பேன். இங்கே அந்தப் பிழை எவ்வளவு என்பது 2005-இல்தான் தெரிந்தது. 569 பெண்களின் திசுச் சீவல்களை ஒரே இடத்தில் வைத்து மறுபடி பார்த்தபோது, அவர்களில் 134 பேர், அதாவது 24 விழுக்காட்டினர், இந்த ஆய்வில் சேர்க்கப்படவே தகுதியற்றவர்கள் என்று தெரிந்தது. இரண்டாம் தரம் என்று எழுதப்பட்டவை பல, உண்மையில் முதல் தரம். அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் ஆய்வின் முடிவு மாறவில்லை என்பது ஆய்வுக்கு நல்லது. அந்த 134 பேரில் கதிர் பெற்றவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

இரண்டாவது குறை தலைப்பில் இருக்கிறது. 'முதல் நிலை' என்றால் எல்லாம் சாதுவானவை என்ற எண்ணம் வந்துவிடும். ஆனால் மூன்றாம் தரமாகவும் ஆழ ஊடுருவியும் இருந்த முதல் நிலைப் பெண்களைக் குலுக்கலில் சேர்க்கவே இல்லை. எல்லாருக்கும் கதிர் கொடுத்துத் தனியே பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட 99 பேரில் ஐந்தாண்டுக்குப் பின் எஞ்சியவர் 58 விழுக்காடு. 31 விழுக்காட்டினருக்கு நோய் தொலைதூர உறுப்புகளுக்குப் பரவியிருந்தது. அதே முதல் நிலைதான் இதுவும்! இடுப்புக்குழியோடு நின்றுவிடும் எந்தச் சிகிச்சையும் நுரையீரலுக்குப் போய்விட்ட உயிரணுவைத் தொடாது.

போர்டெக் ஆய்வின் முடிவிலிருந்து இயல்பாகப் பிறக்கும் யோசனை ஒன்றுண்டு. திரும்பும் நோயில் முக்கால் பங்கு யோனியில் என்றால், கதிரை அங்கே மட்டும் கொடுத்தால் என்ன? இதைச் சோதித்தது 2002 முதல் 2006 வரை 427 பெண்களிடம் நடந்த இரண்டாம் போர்டெக் ஆய்வு. இங்கே என் பாடம் நேரடியாக வந்துவிடுவதால் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

வெளிக்கதிர் என்பது முடுக்கியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர். இலக்கை அடையும் வழியிலும், அதைத் தாண்டிய வழியிலும் குடல், சிறுநீர்ப்பை அனைத்தையும் ஊடுருவியே செல்லும். அண்மைக் கதிர்முறையில், விரல் போன்ற ஓர் உருளையை யோனிக்குள் வைத்து, அதன் நடுவே இரிடியம்-192 துகள் ஒன்றைக் கம்பி முனையில் செலுத்துகிறார்கள். உருளையின் விட்டம் 3 செ.மீ. என்றும், மருந்தளவு அதன் மேற்பரப்பிலிருந்து அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு என்றும் கொள்வோம். மையத்திலிருந்து அது 2 செ.மீ. தொலைவு. இருமடங்கு தொலைவில், அதாவது 4 செ.மீ. இல், எதிர் இருமடி விதிப்படி கதிரளவு கால் பங்கு. 6 செ.மீ. இல் ஒன்பதில் ஒரு பங்கு. துகள் ஒரே இடத்தில் நிற்காமல் நீளவாக்கில் நின்று நின்று நகர்வதால் உண்மையில் குறைவு இதைவிடச் சற்று மெதுவாகவே நிகழும். மலக்குடலும் ஒட்டியே இருப்பதால் முழுதும் தப்பாது. ஆனாலும் குடலின் பெரும்பகுதி விலகியே இருக்கிறது. பதினோராம் வகுப்பில் மெழுகுவத்தியையும் திரையையும் வைத்துச் சொல்லித்தரும் விதி இங்கே ஒரு பெண்ணின் குடலைக் காக்கிறது. (அண்மைக் கதிரில் மூன்று தவணைகளில் 21 கிரே, வெளிக்கதிரில் 46 கிரே. இரண்டு எண்களையும் நேரே ஒப்பிடாதீர்கள். ஒரு தவணையின் அளவு பெருகும்போது உயிரணு மீதான விளைவும் வேறாகும்.)

ஐந்தாண்டு முடிவில் யோனியில் நோய் திரும்பியது அண்மைக் கதிரில் 1.8 விழுக்காடு, வெளிக்கதிரில் 1.6. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். சிகிச்சை முடிந்த சமயத்தில் குடல் தொல்லை இருந்தவர்கள் அண்மைக் கதிரில் 12.6 விழுக்காடு, வெளிக்கதிரில் 53.8. 2010-இல் இது வெளியான பின், உயர் இடைநிலைப் பெண்களுக்கு அண்மைக் கதிரே போதும் என்ற நிலை வந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு மனக்குறை: இந்த ஆய்வில் 'எதுவும் கொடுக்காத' மூன்றாவது பிரிவு இல்லை. கண்காணித்து, திரும்பினால் மட்டும் சிகிச்சை என்ற வழிக்கு ஓரளவு ஆதாரத்தை முதல் ஆய்வே தந்திருக்க, அதைப் பந்தயத்தில் ஓடவே விடவில்லை.

அண்மைக் கதிரின் அதே நற்குணம் சிலருக்குத் தீமையாகும் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. நிணநீர் நாளங்களுக்குள்ளும் இரத்த நாளங்களுக்குள்ளும் புற்று உயிரணுக்கள் கணிசமாகப் புகுந்திருந்தால், நோய் திரும்பும் இடம் யோனி அன்று. இடுப்புச் சுவரோரம் உள்ள நிணநீர்க் கணுக்கள். இரு போர்டெக் ஆய்வுகளின் சீவல்களையும் மறுபடி பார்த்தபோது (2015), இவ்வகைப் பெண்களிடம் இடுப்புக்குழித் திரும்பல் வெளிக்கதிர் பெற்றவர்களில் 4.3 விழுக்காடு, அண்மைக் கதிர் பெற்றவர்களில் 27.1, எதுவும் பெறாதவர்களில் 30.7. கணு இருக்கும் தொலைவுக்குக் கதிர் எட்டவில்லை, அவ்வளவே. இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே இருந்ததால் சராசரியில் அவர்கள் கரைந்து போயிருந்தார்கள்.

சராசரி என்பதுதான் என் கடைசிக் குற்றச்சாட்டு. 2013-இல் அமெரிக்கப் புற்று மரபணுத் தொகுதித் திட்டம் 373 கட்டிகளை ஆராய்ந்து, உட்சவ்வுப் புற்று என்பது ஒரு நோய் அன்று, நான்கு என்று காட்டிற்று. 'போலே' என்ற மரபணு பழுதுற்று எண்ணற்ற பிறழ்வுகள் குவிந்தவை, டி.என்.ஏ. எழுத்துப் பிழையைத் திருத்தும் அமைப்பு கெட்டவை, 'பி-53' புரதம் பிறழ்ந்தவை, இம்மூன்றிலும் சேராதவை. இந்தப் பகுப்பை எடுத்துக்கொண்டு, போர்டெக் ஆய்வுகளில் சேமித்து வைத்திருந்த 880 கட்டிகளை மறுபடி பிரித்து 2023-இல் வெளியிட்டார்கள். 55 'போலே' கட்டிகளில் ஒன்றுகூட உள்ளூரில் திரும்பவில்லை, கதிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எழுத்துத் திருத்தம் கெட்ட 241 பேரில் ஐந்தாண்டுக்குப் பின் உள்ளூர்த் திரும்பல் இல்லாதிருந்தவர்கள் வெளிக்கதிரில் 94.2, அண்மைக் கதிரில் 94.2, சிகிச்சையின்றி 90.3 விழுக்காடு, கதிரால் பயன் இருந்ததாகச் சொல்ல முடியாது. எதிலும் சேராத 510 பேரில் சிகிச்சையின்றி 87.7, அண்மைக் கதிரில் 96.2, வெளிக்கதிரில் 98.3, இங்கே கதிருக்குப் பயன் உண்டு, அண்மைக் கதிரே ஏறத்தாழப் போதும். 'பி-53' பிறழ்ந்த 74 பேரில் மட்டும் வெளிக்கதிரில் 96.9, அண்மைக் கதிரில் 64.3, எதுவுமின்றி 72.2.

பதினான்கும் நான்கும் இப்போது எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். கதிரே வேண்டாதவர்கள், கதிர் உதவாதவர்கள், அருகுக் கதிர் போதுமானவர்கள், தொலைவுக் கதிர் இல்லாமல் முடியாதவர்கள் என்ற நான்கு கூட்டத்தாரை ஒரே பையில் போட்டுக் குலுக்கி எடுத்த கலப்பு எண்கள் அவை. 1990-இல் ஆய்வைத் தொடங்கியவர்கள் இதை அறிந்திருக்க முடியாது, அவர்கள்மீது குற்றமில்லை. கட்டிகளைப் பாதுகாத்து வைத்தார்களே, அதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இன்றும் அதே இரண்டு எண்களை மட்டும் ஒரு நோயாளியிடம் சொல்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2023-இல் திருத்தப்பட்ட அனைத்துலக நிலைப் பகுப்பிலேயே மூலக்கூறு வகைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

புதிய எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லமாட்டேன். 74 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேரே. அண்மைக் கதிர் பெற்றவர்கள் எதுவும் பெறாதவர்களைவிடக் கீழே நிற்பதே அந்த எண்களின் தள்ளாட்டத்தைக் காட்டுகிறது. மேலும் இது பழைய கட்டிகளைப் பின்னோக்கிப் பார்த்த கணக்கு. முன்னோக்கிச் சோதிப்பதற்காகவே அதே டச்சுக் குழு 2016-இல் இன்னோர் ஆய்வைத் தொடங்கிற்று. அதில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் அண்மைக் கதிர்; மற்றப் பிரிவினருக்கு முதலில் கட்டியின் மூலக்கூறு வகையைப் பார்த்து, அதற்கேற்ப வெளிக்கதிர், அல்லது அண்மைக் கதிர், அல்லது ஒன்றும் இல்லை. முதல் ஆய்வுக்குப் பின் காணாமற் போயிருந்த அந்த 'ஒன்றும் இல்லை' இதில் திரும்ப வந்திருக்கிறது.

நண்பரின் தாயார் தம் அறிக்கையோடு அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். நாளங்களுக்குள் புற்று புகுந்திருந்ததா? 'பி-53', எழுத்துத் திருத்தப் புரதங்கள் ஆகியவற்றுக்குச் சீவலில் நிறமேற்றிப் பார்த்தார்களா? இரண்டாவதற்கு விடை 'இன்னும் இல்லை' என்று வந்தது. சீவலை வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.